ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுண்டு அப்பாவுக்கு,

இல்லை, மறக்கவில்லை. சுண்டுவுக்கு நகம் வெட்டித்தான் அனுப்புகிறேன். இடது கை மட்டும். வலது கையை நீட்டச் சொன்னால், "அது அப்பா கை" என்கிறாள். எந்த விரல் யாருக்கு என்று பாகப்பிரிவினை நடத்தி முடித்துவிட்டாள். பத்திரம் பதிவதுதான் பாக்கி. ஆகவே வலது கை நகங்கள் உங்கள் பொறுப்பு. கட்டைவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருக்கிறது, பார்த்து வெட்டுங்கள்.

இருமல் மருந்தைச் செவ்வாயோடு நிறுத்திவிடலாம். கணக்கு நோட்டில் பதினாலாம் பக்கம் பாக்கி. மஞ்சள் சட்டை இங்கே இல்லை. நான்கு முறை தேடிவிட்டேன். உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இனி வேறு விஷயம்.

மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. பதவி உயர்வோடு. மருத்துவமனையில் ஒரு வார்டு முழுக்க என் பொறுப்பு. நைட் டியூட்டி கிடையாது. பேருந்தில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஒப்புக்கொள்கிறேனா இல்லையா என்று இருபத்தொன்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நைட் டியூட்டி இல்லாவிட்டால் சுண்டு வாரம் முழுக்க என்னோடு இருக்கலாம். போனால் அவளையும் கூட்டிப் போவதாகத்தான் நினைத்திருக்கிறேன். நீங்கள் விடுமுறையில் பார்க்கலாம்.

ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிப் பார்த்தால் ஐந்தாறு வரிதான் வருகிறது.

நகத்துக்கும் மருந்துக்கும் பின்னால் இதை எழுதுவது சரியில்லை என்று தெரியும். ஆனால் நாம் பேசிக்கொள்ளும் இடம் அவள் பள்ளிப் பையின் வெளி ஜிப் மட்டும்தான். நேரில் பேசினால் சண்டை. போனில் பேசினால் நீங்கள் பாதியில் மௌனமாகிவிடுவீர்கள். நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பேன். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு எழுதி வைப்போமே, அப்படி எழுதிக்கொள்ளலாம் என்று பிரிந்தபோது நான்தான் சொன்னேன். ஞாயிறு நான், புதன் நீங்கள். பத்து மாதமாக ஓடுகிறது. இதையும் அதிலேயே எழுதுகிறேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

சுண்டு அம்மா


ஆகஸ்ட் 6, புதன்

சுண்டு அம்மாவுக்கு,

வலது கை ஆயிற்று. ஐந்தும். மருந்து நிறுத்தியாயிற்று. பதினாலாம் பக்கமும் ஆயிற்று. அதில் ஏழாவது கணக்கு தப்பு. தப்பு என்று அவளுக்கும் தெரியும். அழிக்க மாட்டேன் என்கிறாள். "இருபத்தேழு எனக்குப் பிடிச்ச நம்பர்ப்பா, இருந்துட்டுப் போகட்டும்." டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

மஞ்சள் சட்டை இங்கேயும் இல்லை.

மாற்றல் பற்றி எழுதியதைப் படித்தேன்.

நேற்று ஒரு ஒன்பது மாடிக் கட்டிடத்தில் வேலை. லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர். கதவை விலக்கி, கை கொடுத்து, அவரை இறக்கும்வரை எனக்கு வேறு நினைப்பில்லை. இறங்கியதும் அவர், "ரொம்ப நன்றிப்பா" என்றார். நான், "விடுமுறையில் பார்க்கலாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

அவ்வளவுதான் எழுத வருகிறது.

இன்னொன்று. அவள் சைக்கிளைக் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து உன் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. குனிந்து ஓட முடியவில்லை. சனிக்கிழமை உன் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குக் கூட்டிப் போய் நீ கற்றுக்கொடு. சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். எப்போது கையை விடுவது என்று உனக்கே தெரியும்.

அவள் அப்பா


ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுண்டு அப்பாவுக்கு,

நேற்றுக் காலை மைதானத்துக்குப் போனோம். எட்டு மணி. புல் இன்னும் ஈரமாக இருந்தது. நான் டியூட்டிச் செருப்போடு போய்விட்டேன், ஓட லாயக்கில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று. அவள் முதுகு என் கைக்கு முன்னால் ஆடி ஆடிப் போனது. நாலாவது சுற்றில் விட்டேன். விட்டதாகக்கூட ஞாபகமில்லை. கை காலியாக இருந்தது. அவள் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மைதானத்தில் நடக்க வந்த இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும். இது எனக்குக் கிடைத்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பொதுவாக எனக்குக் கிடைப்பதெல்லாம் வியாழன் முதல் ஞாயிறு வரை.

பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

முதலில் இரண்டு முறை விழுந்தாள். விழுவதற்கு முன்னால் இடம் பார்த்தாள். கல் இல்லாத இடம். விழுந்தபின் பாவாடையைத் தட்டிக்கொண்டு, "ரெண்டு ஆச்சு" என்றாள்.

ஓட்டினாள், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்தாள், எதிரே வந்த நாய்க்கு மணி அடித்தாள். நின்றாள். இறங்கினாள். காலால் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினாள். முதல் நாளே ஸ்டாண்ட் போடுகிற குழந்தையை நான் எங்கும் பார்த்ததில்லை.

நான் கை தட்டினேன். "இப்ப இல்லம்மா" என்றாள். "நீ விட்டுட்டேன்னு சொல்லணும். நான் திரும்பிப் பாத்து பயப்படணும். அப்புறந்தான் கை தட்டணும்."

யார் சொன்னது என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டாள். உங்கள் மகள்தானே.

எப்போது கற்றுக்கொண்டாள்? நேராகச் சொல்லுங்கள். உங்கள் முதுகுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு இப்போது தெரியும்.

வெள்ளை சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடியையாவது திருப்பி அனுப்புங்கள்.

சுண்டு அம்மா


ஆகஸ்ட் 13, புதன்

சுண்டு அம்மாவுக்கு,

ஜூலை பதினைந்து. செவ்வாய்க்கிழமை.

பள்ளி விட்டபிறகும் எனக்கு வேலை முடியவில்லை. அவளையும் வேலை நடந்த அடுக்குமாடிக்கே கூட்டிப் போனேன். சைக்கிள் கம்பெனி வண்டியின் பின்னால் கிடந்தது. கீழே வண்டி நிறுத்துமிடம் பெரியது, வழுவழுவென்று தரை. தள்ளிக்கொண்டு விளையாடு என்று சொல்லிவிட்டு நான் டூல்ஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தூண்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரும் பிடிக்கவில்லை. எத்தனை முறை விழுந்தாள், எப்போது நிமிர்ந்தாள், ஒன்றும் தெரியாது. திரும்பியபோது அவள் ஏற்கெனவே ஓட்டுகிறவள்.

ஆக, முதல் தடவையை நானும் பார்க்கவில்லை. நீ பார்த்த அளவுக்குக்கூட.

மறுநாள் புதன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'சைக்கிள் ஓட்டினாள்' என்று எழுதினேன். இரண்டே சொல். இதைப் படித்து நீ என்ன செய்வாய் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். அவளிடம், "அம்மாகிட்ட சொல்லாத. அம்மா முன்னாடி மொதல்லேர்ந்து கத்துக்கற மாதிரி ஓட்டு" என்றேன்.

"எத்தன தடவ விழணும்?"

"ரெண்டு."

"ரத்தம் வரணுமா?"

"வேண்டாம்."

"அப்ப சரி."

முதலில் அவ்வளவுதான். உன் மாற்றல் கடிதத்துக்குப் பிறகு அதில் இன்னொன்றும் கலந்துவிட்டது. இங்கே உனக்கு இப்படி ஒரு சனிக்கிழமை கிடைத்தால் போவதைப் பற்றி யோசிப்பாய் என்று நினைத்தேன். லஞ்சம்தான். வேறு சொல் கிடைக்கவில்லை.

சாக்ஸ் மூன்று ஜோடி பையில் இருக்கிறது.

அவள் அப்பா


ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுண்டு அப்பாவுக்கு,

புதன் இரவு உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபப்பட்டேன். நன்றாகவே கோபப்பட்டேன். ஏழு வயதுக் குழந்தையை நடிக்க வைத்திருக்கிறார் மனுஷன் என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன்.

வியாழக்கிழமை அவள் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை எழுந்து படிக்கச் சொல்லியிருக்கிறார். இவள் எழுந்து நின்று கேட்டாளாம்: "மிஸ், மொதல் தடவ மாதிரி படிக்கணுமா, ரெண்டாவது தடவ மாதிரியா?" வகுப்பே சிரித்ததாம். டீச்சர் சிரிக்கவில்லை. "வீட்டுல எதாவது விளையாட்டா?" என்று என்னிடம் கேட்டார். விளையாட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே வந்தபின் உங்களைத் திட்டவில்லை. ஏனென்றால் கோபப்படும் யோக்கியதை எனக்கு இல்லை.

போன மாதம் உங்கள் பிறந்தநாளன்று அவள் முதன்முதலாக விசில் அடித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அது முதல் தடவை இல்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால் என் சமையலறையில் அடித்தாள். குக்கர் என்று நினைத்து அடுப்பை அணைத்தேன். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். இதை அப்பாவுக்காக வைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். ஒன்பது நாள் உதட்டை இறுக்கிக்கொண்டு திரிந்தாள்.

ஷூ லேஸும் அப்படித்தான்.

நீங்களும் நானும் ஒன்றாக இருந்தபோது ஒரே மாதிரி யோசித்ததாக எனக்கு நினைவில்லை. இதில் மட்டும் சொல்லி வைத்தாற்போல யோசித்திருக்கிறோம். பாவம், நடுவில் அவள் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்துகொண்டிருக்கிறாள்.

இனி வேண்டாம். எங்கே நடக்கிறதோ அங்கே நடக்கட்டும். நேற்று அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்: "இனிமே எதையும் சேத்து வைக்க வேண்டாம்." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, நாக்கை மூக்குவரை நீட்டிக் காட்டினாள். ஏறக்குறையத் தொட்டுவிட்டது. யாருக்காகச் சேர்த்து வைத்திருந்தாளோ.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதல் தடவைகள் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமைக் காலை நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வருவேன். அவள் பல் துலக்கும் பிரஷ் காய்ந்துபோய் இருக்கும். அப்போது எனக்குத் தோன்றுவதெல்லாம் ஒன்றுக்கும் உதவாத கேள்விகள். இந்நேரம் சாக்ஸை எந்தக் காலில் முதலில் போடுகிறாள்? முட்டையின் மஞ்சளைத் தின்றாளா, ஒதுக்கினாளா? உங்கள் கடிதங்களில் இதெல்லாம் இருப்பதில்லை. மருந்து நிறுத்தியாயிற்று, நகம் ஆயிற்று. ஆபீஸ் கோப்பு தோற்றுப்போகும்.

எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதி அனுப்புங்கள். ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய். ஏதாவது நடந்திருந்தால் அதை விட்டுவிட்டு மீதியை எழுதுங்கள்.

மாற்றலைப் பற்றி நீங்கள் இன்னும் நேராக ஒரு வரி எழுதவில்லை. போ, போகாதே, இரண்டில் ஒன்றாவது சொல்லலாம். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

சுண்டு அம்மா


ஆகஸ்ட் 20, புதன்

சுண்டு அம்மாவுக்கு,

நேற்று. செவ்வாய்.

ஆறே முக்காலுக்கு எழுப்பப் போனேன். எழுந்துதான் இருந்தாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"நான் தூங்கறேன்."

"தெரியுது."

போர்வையோடு தூக்கிக் கூடத்து நாற்காலியில் வைத்தேன். மூட்டை. மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை வந்து பால் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்துக் காலி டம்ளர் வெளியே வந்தது. தினமும் இப்படித்தான். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நான் சவரம் செய்யும்போது வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். நுரையில் கொஞ்சம் எடுத்துத் தன் கன்னத்தில் பூசி, சீப்பின் முதுகால் வழித்தாள்.

"எனக்கு எப்ப வரும்?"

"என்னது?"

"தாடி."

"உனக்கு வராது."

"அம்மாவுக்கு?"

"வராது."

"பாவம்" என்றாள். உன்னைத்தான்.

முட்டை. வெள்ளையை முதலில் தின்கிறாள். மஞ்சளை உருட்டி உருட்டித் தட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து என் தட்டுக்குத் தள்ளுகிறாள். நான் திருப்பித் தள்ளுவேன். இரண்டு முறை போய்வந்தபின் பாதி பாதி. நேற்றும் பாதி.

சாக்ஸ், இடது கால் முதலில். எப்போதும் இடது. அதை உட்கார்ந்து அவளே போட்டுக்கொள்கிறாள். வலது காலுக்கு நான். அப்போது எழுந்து நின்று, விழாமலிருக்க என் தலையைப் பிடித்துக்கொள்வாள். தலை என்றால் முடி. கொத்தாக. அந்த அரை நிமிடம் நான் அவசரப்படுவதில்லை. பள்ளி மணி அடித்தாலும் சரி.

தெருவில் நடக்கும்போது அடுத்த வீட்டு மதில் மேல் விரலை உரசிக்கொண்டே வருவாள். மதில் முடியும் இடத்தில் விரலை ஊதுவாள். ஏன் என்று கேட்டதில்லை. பள்ளி வாசலில் என் கையை விட்டால் விட்டதுதான், திரும்பிப் பார்ப்பதில்லை. நான்தான் அவள் பை கூட்டத்தில் கலந்து மறையும்வரை நிற்கிறேன். காவலாளிக்குப் பழகிவிட்டது. "போயிருச்சு சார், நீங்க கெளம்புங்க" என்பார்.

பகலில் வேலை. எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். எண்ணெய்.

"இன்னைக்கு எத்தனாவது மாடி?"

"நாலு."

"நாலுதான்னு நெனச்சேன்."

கொடியிலிருந்து துணி எடுத்து மடித்தோம். என் சட்டையை மடிக்க வேண்டுமென்றால் அவள் முதலில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கழற்றி, அது தரையில் விழுந்தபடியே சுருட்டி வைப்பாள். நான் மறுபடி மடிப்பதில்லை. அப்படியே போட்டுக்கொண்டு போகிறேன். சூப்பர்வைசர் கேட்டுவிட்டார், "வீட்டுல இஸ்திரிப் பெட்டி செத்துப்போச்சாய்யா?" என்று.

மஞ்சள் சட்டை கிடைத்துவிட்டது. என் தலையணை உறைக்குள் இருந்தது. ஏன் இங்கே வைத்தாய் என்றேன். "அதோட எடம் அதுதான்" என்றாள். மேற்கொண்டு விளக்கம் இல்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். உனக்கு வேண்டுமென்றால் சொல்.

சோறு, பருப்பு. சோற்றில் சாலை போட்டாள். சாலையில் பருப்பு ஓடியது. கீழே சிந்தியதைத் துடைக்கச் சொன்னேன். காலால் துடைத்தாள்.

படுத்ததும் கதை கேட்பாள். எனக்குக் கதை வராது என்று உனக்குத் தெரியும். அதனால் லிஃப்ட்டின் பாகங்களைச் சொல்வேன். மேலே மோட்டார். மோட்டாரில் கப்பி. கப்பியில் கம்பி வடம். வடத்தின் ஒரு நுனியில் கூண்டு, மறு நுனியில் எதிர் எடை. எதிர் எடை வரும்போது தூங்கிவிடுவாள். இரண்டு வருடமாக எதிர் எடைக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் இவ்வளவு பேசி நீ கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "நீங்க பேசாம இருக்கறது உங்களுக்கு ஓய்வு, எனக்குத் தண்டனை" என்று ஒரு நாள் சொன்னாய். அதற்கும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

மாற்றல். போகாதே என்று எழுத மாட்டேன். அந்த வார்டு பொறுப்பு உனக்கு மூன்று வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. ஆனால் விடுமுறையில் வருகிறவள் விருந்தாளி. விருந்தாளிக்கு நல்ல தட்டு எடுத்து வைப்போம். விருந்தாளி நம் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். எனக்குச் செவ்வாய் வேண்டும்.

அதனால் ஒரு கேள்வி. அந்த ஊரில் லிஃப்ட் இருக்கிறதா? எத்தனை?

சேர்ந்து இருக்கக் கேட்கவில்லை. அது முடிந்துவிட்டது, எனக்கும் தெரியும். தனி வீடு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அவளே நடந்து வருகிற தூரத்தில். லிஃப்ட் இருந்தால் வருவேன். இல்லாவிட்டால் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் தெரியும். அதுவும் இல்லாவிட்டால் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் எழுதிச் சொல்.

அவள் அப்பா


ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுண்டு அப்பாவுக்கு,

உங்கள் செவ்வாயை டியூட்டி அறையில் வைத்து மூன்று முறை படித்தேன். "பாவம்" வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவள், "என்னக்கா, லெட்டரா? யாரு?" என்றாள். "ஒரு லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். அவள் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். திருத்தப் போகவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். முதலில் பயமாக இருந்தது. பக்கத்தில் வந்து மறுபடி அந்தப் பழைய மௌனம் ஆரம்பித்தால்? பிறகு தோன்றியது: அந்த மௌனம் இனி உங்கள் வீட்டுக்குள் இருக்கும், என் வீட்டுக்குள் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன். வேறு ஊர், வேறு பள்ளி, எனக்குப் புது வேலை. "அப்பா?" என்றாள். "வரலாமான்னு கேட்டிருக்கார்" என்றேன். "அப்ப அங்க லிஃப்ட் இருக்கணுமே" என்றாள். என் புது வேலையைவிட உங்கள் கேள்விதான் அவளுக்கு முதலில் வருகிறது.

நேற்று ஆறு மணி வண்டியில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் சின்னதுதான். ஒரு கடைவீதி, ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை. அவள் ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் என் மருந்துச் சீட்டுப் புத்தகமுமாக வந்தாள், லிஃப்ட் எண்ணுவதற்கு. மொத்தம் மூன்று. துணிக்கடையில் ஒன்று. ஐந்து மாடிக் குடியிருப்பில் ஒன்று. மருத்துவமனையில் ஒன்று. அவளைக் கேட்டால் நாலு என்பாள். சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிற சங்கிலியையும் சேர்த்துக்கொண்டாள். "அதுவும் மேல போகுது கீழ வருதும்மா, அப்புறம் என்ன?" நீங்கள் தீர்த்துவையுங்கள்.

மருத்துவமனை லிஃப்ட் ஓடவில்லை. 'பழுது' என்று அட்டை தொங்குகிறது. அட்டையே வெளுத்துப் போயிருக்கிறது. பிரசவத்துக்கு வந்தவர்களை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். ஆபீஸில் கேட்டேன். ரிப்பேர் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும், சொல்லி நாலு மாதமாகிறது என்றார் கிளார்க். "உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா சிஸ்டர்?"

தெரியும் என்றேன். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கூப்பிடுவார். போனை எடுத்ததும் பேசுங்கள். அவர் ஹலோ ஹலோ என்று கத்த வேண்டாம்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு தெரு. அதில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. ஒரு கூடம், ஒரு அறை, நல்ல வெளிச்சம். வீட்டுக்கார அம்மா கெட்டிக்காரி. அவருடைய அண்ணன் வீட்டுக் கீழ்ப்பகுதியும் காலி. அதே வரிசையில் ஏழு வாசல் தள்ளி. இரண்டையும் காட்டினார்.

"எது வேணும்?"

"ரெண்டும்."

"யார் யாருக்கு?"

"எனக்கும் பொண்ணுக்கும் ஒண்ணு. அவ அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணு."

"அப்ப பொண்ணு எங்க இருக்கும்?"

"ரெண்டுலயும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சண்டையாம்மா?"

"முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சப்புறம் எதுக்கு ரெண்டு வீடு?"

"ரெண்டு வீடு இருந்தாத்தான் முடிஞ்சிருக்கும்."

இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "இருபது வருஷமா எனக்கு இந்த யோசன தோணல பாரு" என்றார். மாதக் கடைசிவரை இரண்டையும் யாருக்கும் விடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் சுண்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நாலு தடவை போய்வந்துவிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். போகும்போது ஓட்டம், வரும்போது நடை. நடுவில் ஒரு வீட்டில் யாரோ ஒரு பாட்டியம்மாள் கொடுத்த பிஸ்கட்டோடு திரும்பினாள். எந்த வீடு என்று கேட்டேன். "நடுவுல" என்றாள். அவளுக்கு அந்தத் தெருவில் நடு என்று ஒன்று வந்துவிட்டது.

இரண்டு விஷயம். ஒன்று, நாட்கள் இப்போது போலவேதான்: வியாழன் முதல் ஞாயிறு எனக்கு, மற்றவை உங்களுக்கு. நைட் டியூட்டி இல்லை என்பதற்காக உங்கள் செவ்வாயை நான் கேட்கப்போவதில்லை. இன்னொன்று, ஏழு வாசல்தானே என்று எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். வாசலில் நின்று பேசிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பையில் வையுங்கள்.

நேற்று நாலு மணி வண்டியில் திரும்பினோம். இன்று காலை ஒப்புதல் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினேன். பிறகு அவள் யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டேன்.

சுண்டு அம்மா